நாணல் அம்புக்கு முன்குச்சி: உங்க கேள்விகளுக்கு பதில்

கே: கொள்ளிடக் கரையில நாணல் வெட்டி வச்சிருக்கேன். தண்டோட முன்பக்க ஓட்டையில சொருகற முன்குச்சிக்கு எந்த மரம்?

ப: நாணல்னு பொதுவா எழுதாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? உள்ள ஓட்டையா இருக்கற கொறுக்கைத் தட்டைன்னா சரி. முன்குச்சிக்கு சீமைக்கருவேல் போடுங்க, கனமா இருக்கும், காஞ்சா ரொம்ப சுருங்காது. வெளிய அஞ்சாறு இஞ்ச், உள்ள ரெண்டு இஞ்ச். தட்டை வாயில நூல் சுத்தி பசை போடாம எய்யாதீங்க.

கே: முருங்கை ஆகுமா?

ப: ஆகாது.

கே: வேதாரண்யம் பக்கம் சவுக்குதான் கிடைக்குது.

ப: முன்குச்சிக்கு தாராளமா போடலாம். வெயில்ல காயப்போட்டா வெடிக்கும், நிழல்ல போடுங்க.

கே: மரக்கடையில தேக்கு ரீப்பர் வாங்கி இழைச்சேன், மூணு முன்குச்சியும் சாய்வா உடஞ்சிருச்சு. தேக்கு மட்டமா?

ப: தேக்கு மேல தப்பே இல்ல, ரம்பம் மேலதான் தப்பு. ரம்பம் நாரைப் பாக்காது, நேரா அறுத்துட்டுப் போயிரும், நார் பாதியில பக்கவாட்டுல வெளிய வந்துரும், அம்பு மோதுனதும் அந்த இடத்துலயே பிளந்துக்கும். நானும் ஆரம்பத்துல கடையில உருட்டுக்குச்சி வாங்கி ஒரு டஜன் பண்ணி பத்து உடைச்சேன், அதனாலதான் இவ்ளோ கத்துறேன். கட்டையை அரிவாள் வச்சு பிளங்க, நார் போற வழியிலயே செதுக்குங்க. 1991ல ஆல்ப்ஸ் பனியில கிடைச்ச 5,000 வருஷத்துக்கும் மேல பழைய மனுஷ உடம்பு கிட்ட 14 அம்புத்தண்டு இருந்துச்சு, முழுசா முடிச்சது ரெண்டுதான், அதுல ஒண்ணுல தண்டு ஒரு மரம், முன்துண்டு வேற மரம். மரக்கடையே இல்லாத காலம் அது! எய்யறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அம்பையும் காதுகிட்ட வச்சு லேசா வளைங்க, சின்ன சத்தம் கேட்டாலும் ஒடிச்சுப் போட்டுருங்க, இல்லன்னா கையில ஏறிரும்.

கே: பனை வயிரம்?

ப: அருமையான சாமான். சிராய் ஏறுனா ரெண்டு நாளைக்கு வலிக்கும், நார் வாக்குல மட்டும் தேய்ங்க. தட்டை வாயில நூல் கட்டு இதுக்கும் உண்டு.

கே: அம்பு கோணலா போவுது, மரத்த மாத்தவா?

ப: வில்லை இழுக்க எத்தன பவுண்டு பலம் வேணும், தண்டு எவ்ளோ நீளம், ஒண்ணுமே எழுதாம கேட்டா எப்படிங்க? முன்பாரம் கூடுனா விடும்போது தண்டு அதிகமா வளையும். அர இஞ்ச் முன்குச்சியை குறைச்சுப் பாத்துட்டு எழுதுங்க.

கே: தட்டை எப்ப வெட்டறது?

ப: தை, மாசியில, தட்டை மஞ்சளானப்புறம். ஐப்பசி மழையில வெட்டுனா பூஞ்சை புடிச்சிரும். கட்டா கட்டி நிழல்ல ரெண்டு மாசம் போடுங்க.