எஸ்ஜிபிரி 92 என்றால் ஈரல் பழுதாகிவிட்டதா?

கேள்வி: வயது 41. எஸ்ஜிபிரி 92, எஸ்ஜிஓரி 54, பிளேட்லெட் 240. மற்றதெல்லாம் நோர்மல். குடிப்பதில்லை. வெள்ளாமை செய்கிறேன். என் ஈரல் பழுதாகிவிட்டதா?

இல்லை, இந்த எண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எஸ்ஜிபிரி, எஸ்ஜிஓரி இரண்டும் ஈரல் கலங்களுக்குள் இருக்கும் நொதியங்கள். கலம் காயப்பட்டால் இரத்தத்தில் கசியும். காயம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அவை காட்டும். ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிருபின் (ஈரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி), ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) மூன்றையும் பார்க்க வேண்டும். இது எனக்கு என் மாமாவின் ரிப்போர்ட்டில்தான் விளங்கியது.

மாமாவும் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வெள்ளாமை செய்தவர். சாராயம் தொட்டதில்லை, சீனி வருத்தம் மட்டும் 15 வருடமாக. முதல் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிரி 110. இரண்டு வருடம் கழித்து 38. "நல்லா இறங்கிட்டு மாமா" என்று நான்தான் வாசித்துச் சொன்னேன். மாமிக்குப் பெரிய சந்தோஷம். அன்று மாமாவின் காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், குழி எழும்பவில்லை. நாள் முழுக்க வயல் வட்டையில் நின்ற வீக்கம் என்று விட்டுவிட்டோம்.

கிளினிக்கில் டொக்டர் அந்த 38இல் நிற்கவே இல்லை. பேனாவை அல்புமினுக்கு நேரே வைத்தார். 2.7. அது 3.5க்குக் குறையக் கூடாது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டும் குறைவு, 88. ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது, கசிவதற்குக்கூடக் கலங்கள் போதாது, அதனால்தான் எஸ்ஜிபிரி இறங்கியிருக்கிறது என்றார். எண் குறைந்ததை நான் சுகம் என்று வாசித்துவிட்டேன். அல்புமினைச் செய்வது ஈரல்தான். அது குறைந்தால் காலில் நீர் தேங்கும், அன்று பார்த்த குழியும் அதுதான். செய்தது பாதியாகக் கரைய மூன்று வாரம் அளவில் ஆகும், ஒரு நாளில் விழாது. சிறுநீரில் புரதம் போனாலும் அது குறையும்தான். மாமாவுக்கு அதையும் பார்த்தார்கள், அது இல்லை.

டொக்டர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். வயதை எஸ்ஜிஓரியால் பெருக்கி, பிளேட்லெட்டாலும் எஸ்ஜிபிரியின் வர்க்கமூலத்தாலும் பிரிப்பது. ஃபிப்-4 என்பார்கள். 1.3க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே போனால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு 62 வயது, எஸ்ஜிஓரி 61. விடை 7க்குக் கிட்ட வந்தது. உங்கள் எண்களைப் போட்டேன், 0.96தான். எனக்கே மனம் ஆறியது.

சரி, ஆனாலும் 92ஐ அப்படியே விடக் கூடாது. சீனி, கொழுப்பு, இடுப்புச் சுற்று மூன்றையும் பாருங்கள். குடிக்காதவர்களிடம் இந்த அளவு கூடுவதற்குக் கொழுப்பு ஈரல்தான் பெரும்பாலும் காரணம். ஹெபடைற்றிஸ் பி, சி இரண்டுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள், ஸ்கேனும் எடுங்கள். எடை 100 கிலோ என்றால் 7 முதல் 10 கிலோ குறைத்தாலே ஈரல் நன்றாகத் தேறும். திரும்ப இரத்தம் கொடுப்பதற்கு முந்திய சில நாட்களில் நெல் மூட்டை தூக்க வேண்டாம். கடும் வேலையில் தசை நொந்தாலும் இந்த இரண்டும், அதிலும் எஸ்ஜிஓரி, ஏறும். பனடோல் எத்தனை போட்டீர்கள், என்ன கசாயம் குடித்தீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செங்கண்மாரிக்கென்று கீழ்காய்நெல்லி அரைத்துக் குடித்திருந்தால் அதையும்.

இன்னொன்று. வட்டைக்குள் இறங்கியபின் காய்ச்சல் வந்து, கண் சிவந்து, கெண்டைக்கால் நொந்தால் ஈரல் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். எலிக்காய்ச்சலில் பிலிருபின் மிகவும் ஏறியிருக்கும்போதும் எஸ்ஜிபிரி கொஞ்சம்தான் கூடியிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நின்றேன் என்று முதலில் சொல்லுங்கள்.