சர்க்கரை மீட்டரிடம் என்ன கேட்பது?

வணக்கம்.

எனக்கு வயது 47. ஐந்து வாரங்களுக்கு முன், வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. வெறும் வயிற்றில் 172, சாப்பிட்ட பின் 268, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. மருத்துவர் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் எழுதிக்கொடுத்து, மாவுச்சத்தைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

மீட்டர் வாங்கி தினமும் ஏழெட்டு முறை குத்திப் பார்க்கிறேன். நோட்டு நிறைய எண்கள், ஒன்றும் விளங்கவில்லை. இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் 150க்குக் கீழே இறங்குவதில்லை. ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்தால் 171, 154 என்று வருகிறது. மாத்திரை வயிற்றைக் கலக்குவதால் சில நாள் இரவு வேளையை விட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு மாலை கை நடுங்கி வியர்த்தது. பயந்துபோய் இனிப்பு சாப்பிட்டேன், அப்புறம் பார்த்தால் 190. இப்போதே மாத்திரையைத் தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது என்றும் சொல்கிறார்கள். எந்த எண்ணை நம்புவது, எதை முதலில் செய்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குத்து தேவையில்லை. இரண்டு போதும், அவை ஜோடியாக இருந்தால். குத்திய அந்த நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே மீட்டர் சொல்லும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு காரியத்துக்கு முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண் வேண்டும். உங்கள் நோட்டில் இருப்பவை எல்லாம் தனித்தனி எண்கள், அதனால்தான் அவற்றிலிருந்து ஒன்றும் தேறவில்லை.

முதலில் 171, 154 விஷயம். உங்கள் மீட்டரில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. வீட்டு மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதியே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று அனுமதிக்கிறது. உண்மையான அளவு 162 என்றால் 138 முதல் 186 வரை எது வந்தாலும் மீட்டர் தேறிவிட்டது என்று பொருள். ஆகவே நேற்று 158, இன்று 167 என்பதை ஏற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வேளைக்கு நான்கைந்து நாள் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

மீட்டர் செய்யும் பிழையைவிட நாம் செய்யும் பிழை பெரியது. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணை எங்கோ ஏற்றிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். ஸ்பிரிட் பஞ்சு உபயோகித்தால் அது காயும்வரை பொறுக்க வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே வலி குறைவு. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாக நீவிவிட்டால் சொட்டு தானாகத் திரளும். நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து கணக்கு கெடும். சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் தடவாதீர்கள், அதன் வாயில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் போதாமல் பிழை காட்டினால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு சேர்க்காமல் புதிதாக ஒன்றை எடுங்கள். ஸ்ட்ரிப் குப்பியின் மூடியைத் திறந்தபடி விடுவது, ஸ்ட்ரிப்புகளைச் சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொள்வது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைப்பது மூன்றும் கூடாது. ஈரமும் சூடும் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதியைக் கெடுக்கும், மீட்டரோ எதுவும் நடக்காததுபோல ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இனி ஜோடிக் கணக்கு. ஒரு வாரம் காலை உணவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்காருமுன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணினால் நேரம் நாளுக்கு நாள் மாறும். இரண்டு எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். “கொஞ்சம்” என்று எழுதக் கூடாது. ஒரே கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டு அரைக் கிண்ணம், ஒரு கிண்ணம் என்று எழுத வேண்டும்.

பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. முன் 145, பின் 170 என்றால் 25தான் ஏறியிருக்கிறது. 170 என்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அந்த உணவு உங்கள் உடம்புக்கு ஒத்துப்போகிறது. முன் 120, பின் 205 என்றால் 85 ஏற்றம், அந்தத் தட்டில் மாவுச்சத்து அதிகம். ஏற்றம் 50ஐத் தாண்டும் வேளைகளைக் குறித்துவைத்து, அவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாள் மாவுச்சத்துப் பண்டத்தைப் பாதியாக்கி, மிச்ச இடத்தைக் காய்கறியாலும் புரதத்தாலும் நிரப்புங்கள். அடுத்த மூன்று நாள் அளவை மாற்றாமல், காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கடுத்த மூன்று நாள், சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிட நடை. மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எண் இறங்கும்தான், எதனால் இறங்கியது என்று தெரியாது. தெரியாததை வருடக்கணக்கில் கடைப்பிடிக்க யாராலும் முடிவதில்லை.

எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவில் இந்த இரண்டு மணி நேரக் கணக்கு ஏமாற்றும். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், ஏற்றம் மூன்று நான்கு மணி நேரம் கழித்து வரலாம். அத்தகைய சாப்பாட்டுக்கு நான்காவது மணியில் ஒன்று கூடுதலாகப் பாருங்கள். பாக்கெட் உணவில் “சர்க்கரை சேர்க்கப்படவில்லை” என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மொத்த கார்போஹைட்ரேட் எத்தனை கிராம், அது எத்தனை கிராம் உணவுக்கு என்று படியுங்கள். ஏற்றத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வரிதான்.

காலை எண்ணை எல்லாரும் முதலில் துரத்துகிறார்கள். அது பெரும்பாலும் கடைசியில்தான் படியும். நாம் தூங்கும்போது மூளைக்காகக் கல்லீரல் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். அதை அளவோடு நிறுத்திவைப்பது இன்சுலின். இரண்டாம் வகையில் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் கார்ட்டிசால் முதலான ஹார்மோன்கள் ஏறுவதும் சேர்ந்துகொள்ள, எதுவும் சாப்பிடாமலே எண் உயர்கிறது. இரவுச் சாப்பாட்டை விட்டால் கல்லீரல் சும்மா இருந்துவிடாது. சந்தேகமிருந்தால் ஒரு இரவு மட்டும் படுக்கும்போதும் எழுந்தவுடனும் பாருங்கள். 185க்குப் படுத்து 180க்கு எழுந்தால் திருத்த வேண்டியது இரவுச் சாப்பாட்டை. 130க்குப் படுத்து 160க்கு எழுந்தால் அது கல்லீரலின் வேலை.

மெட்ஃபார்மின் முக்கியமாக வேலை செய்வது அந்தக் கல்லீரலில்தான். நீங்கள் விட்டுவிடுவதோ இரவு மாத்திரையை! காலை எண் இறங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயிறு கலங்குவது இந்த மருந்தில் வெகு சகஜம், பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டின் நடுவிலோ முடித்த கையோடோ போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், நீங்களாக விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவார், அல்லது மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர். வகைக்கு மாற்றுவார். எக்ஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் வெற்றுக்கூடு சிலருக்கு மலத்தில் முழுசாக வரும். மருந்து உள்ளே இறங்கிய பிறகு மிஞ்சும் உறை அது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர்வற்றல் வந்தால் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், அன்றே மருத்துவரை அழையுங்கள். வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அவ்வப்போது அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவால் வரும் கால் மதமதப்பைச் சர்க்கரையால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுவது உண்டு.

அந்த மாலை நடுக்கம் தாழ்சர்க்கரையா என்பதை இனி கண்டுபிடிக்க முடியாது, இனிப்புக்கு முன் எண் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு 70க்குக் கீழே போவது அரிது. ரொம்ப நாள் 250இல் பழகிய உடம்பு 120ஐயே தாழ்வாக நினைத்து வியர்த்து நடுங்கும். சில வாரங்களில் பழகிவிடும். அடுத்த முறை முதலில் குத்துங்கள், பிறகு சாப்பிடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்த தண்ணீர், அல்லது 120 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கையில் மீட்டர் இல்லாமல் நடுக்கம் வந்தால் மட்டும் முதலில் சர்க்கரை. பிற்காலத்தில் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிப்ரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ சேர்ந்தால் இந்த விஷயம் உண்மையிலேயே ஆபத்தாகும். அப்போது வேளைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது.

எந்த எண்ணை நம்புவது என்றால், மூன்று மாத முடிவுக்கு ஹெச்பிஏ1சியை. உங்கள் 8.4 என்பது சராசரியாக 194ஐக் குறிக்கும், 7 என்றால் 154. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால்தான் மூன்று மாதக் கணக்கு. ஆகவே இப்போதே போய் எடுத்துப் பார்த்து மனம் தளர வேண்டாம், பழைய மாதங்களும் அதில் கலந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவான சோகை இருந்தால் அது பொய்யாக உயரும், ரத்தப்போக்கு இருந்தால் பொய்யாகத் தாழும். மீட்டர் ஒன்றும் ஹெச்பிஏ1சி வேறொன்றும் சொன்னால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். பெரும்பாலான நடுவயதினருக்கு இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்குள்.

ஆயுள் முழுக்க மாத்திரை என்ற பயத்துக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் பழக்கத்தை உண்டாக்கும் மருந்தல்ல. நோய் நீடிப்பதால் மாத்திரை நீடிக்கிறது, மாத்திரையால் நோய் நீடிப்பதில்லை. 2017இல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, எடை மிகுந்த, இன்சுலின் எடுக்காதவர்களுக்கு, கண்காணிப்புடன் சில மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 சதவீதமாகக் குறைந்தது, எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. ஆக முதல் சில வருடங்கள்தான் வாய்ப்பு அதிகமுள்ள காலம். உங்கள் எடையை எழுதவில்லை. கூடுதலாக இருந்தால், இந்த மூன்று மாதத்தில் மீட்டரைவிட எடைக்கருவிக்கு அதிக மதிப்பு கொடுப்பேன். இதுபோன்ற கடும் உணவுக்குறைப்பை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் என்பது பலரும் சொல்லும் அளவு. நான் அழுத்திச் சொல்வது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்பதை. உழைத்த தசை குளுக்கோஸை எளிதாக இழுத்துக்கொள்வது ஓரிரு நாள்தான் நீடிக்கும்.

எழுதாமல் விட்ட இரண்டு மூன்று. விழித்திரைப் பரிசோதனையை இப்போதே செய்யுங்கள். இரண்டாம் வகை, கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கியிருக்கக்கூடும். பார்வை மங்குவதால் புதுக் கண்ணாடி போட நினைத்தால் மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லையின் நீரளவு மாறும், இன்று அளவெடுத்த கண்ணாடி எண் நிலைத்தபின் பொருந்தாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, ரத்த அழுத்தம், பாத உணர்வுச் சோதனை இவை எதுவும் நடக்காமலிருந்தால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை வேகமாக இறங்குகிறது, தாகமும் சிறுநீரும் கூடுகிறது, எண் 300ஐத் தாண்டி நிற்கிறது என்றால் அந்த வாரமே போங்கள். இது இரண்டாம் வகைதானா என்று பார்க்க ஜிஏடி எதிர்ப்பொருள், சி-பெப்டைடு பரிசோதனைகள் இருக்கின்றன. இவற்றோடு வாந்தியோ வயிற்று வலியோ மூச்சிரைப்போ சேர்ந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அன்புடன்.