அல்லிக்குள் புகும் விராலுக்கு எந்த பெயிட்காஸ்டிங் ரீல்?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் கண்மாய்களில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். தண்ணீர் முழுக்க அல்லியும் ஆகாயத்தாமரையும், நடுவில் கருவேல மரங்கள். மீன் அடித்ததும் செடிக்குள் புகுந்துவிடுகிறது. ஸ்பின்னிங் ரீலால் வெளியே கொண்டுவர முடியவில்லை. கடையில் ஒரு பெயிட்காஸ்டிங் ரீலை (வீசும்போது லைன் சுற்றிய உருளையே சுழலும் வகை) காட்டி, "18+1 பேரிங், 10 கிலோ டிராக், 8.1:1 ஸ்பீடு, இதுக்கு மேல எதுவும் கிடையாது" என்கிறார்கள். 5,000 ரூபாய்க்குள் இதை வாங்கலாமா?

பதில்: அவர்கள் சொன்ன மூன்று எண்களை நம்பி வாங்காதீர்கள். செடிக்குள் மீனோடு மல்லுக்கட்டும்போது ரீலின் உடம்பு வளையக் கூடாது, மீன் இழுக்கும்போது லைனை இறுக்கிப் பிடிக்கும் டிராக் வழுக்கக் கூடாது. இந்த இரண்டைப் பற்றியும் பேரிங் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை.

தேவையான பேரிங் இவ்வளவுதான்: லைன் சுற்றும் உருளையான ஸ்பூலின் இரு முனைக்கும் ஒவ்வொன்று, பினியன் என்ற சிறு கியருக்கும் கைப்பிடித் தண்டுக்கும் சேர்த்து இரண்டு மூன்று, கைப்பிடி பின்னால் சுழலாமல் பிடிக்கும் ஒருவழி பேரிங் ஒன்று. இந்த ஐந்தாறும் தரமாக இருந்தால் ரீல் உழைக்கும். மிச்சத்தைக் கைப்பிடிக் குமிழிலும், லைனைப் பரப்பிச் சுற்றவைக்கும் வார்ம் தண்டிலும் திணித்துத்தான் பெட்டியில் 18 என்று அச்சடிக்கிறார்கள். அந்தக் காசை அலுமினிய ஃபிரேமுக்கும் பித்தளை மெயின் கியருக்கும் கொடுங்கள். பிளாஸ்டிக் ஃபிரேம் பாரம் ஏறியதும் நெளியும். நெளிந்தால் மெயின் கியரும் பினியனும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பற்களின் நுனி மட்டும் கடித்துக்கொண்டு சுற்றி, சில மாதங்களில் கரகரவென்று சத்தம் வரும்.

8.1:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எட்டுச் சுற்று சுற்றும். வேகம் கூடுகிற அளவுக்கு இழுவை குறையும். 34 மி.மீ. ஸ்பூல், 95 மி.மீ. கைப்பிடி என்று வைத்துக்கொண்டால், செடியும் மீனுமாக 4 கிலோ பாரத்தைச் சுற்றியே இழுக்க 8.1 ரீலில் குமிழை ஏறக்குறைய 12 கிலோ விசையில் தள்ள வேண்டும். 7:1-ல் 10 கிலோ போதும். ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் லைனும் ஏறிவிடும். 7 அல்லது 7.3 வாங்குங்கள். எதுவானாலும் மீனை ராடால் தூக்கி இழுங்கள். ரீல் தொய்வை மட்டும் வாங்கட்டும். ட்ரிகர் பிடியுள்ள ஹெவி காஸ்டிங் ராடும் கட்டாயம் வேண்டும். இருக்கிற ஸ்பின்னிங் ராடில் இந்த ரீலை மாட்டவே கூடாது.

டிராக் 10 கிலோ என்பது பெட்டியின் பேச்சு. உங்களுக்கு உண்மையான 5, 6 கிலோ போதும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசுக் கொக்கியில் லைனைக் கட்டுங்கள். டிராக் சக்கரத்தை இறுகத் திருகி, ராடைத் தராசுக்கு நேராக நீட்டியபடி பின்னால் போங்கள். எந்த எடையில் லைன் கழலத் தொடங்குகிறதோ அதுதான் நிஜம். 3 கிலோவிலேயே கழன்றால் அந்த ரீலை விட்டுவிடுங்கள். கழலாவிட்டால், அதே இழுப்பில் கைப்பிடிப் பக்கத் தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பாருங்கள். கோடு விரிகிறதா? கைப்பிடி இறுகுகிறதா? பிறகு கைப்பிடியைப் பின்பக்கமாக வெடுக்கென்று தள்ளுங்கள். ஒரு நூல் அளவு வழுக்கினாலும் ஒருவழி பேரிங் சரியில்லை. ஹுக்கை ஓங்கி அடிக்கும் அந்த நொடியில் அது கைவிட்டுவிடும்.

இதையெல்லாம் கடையிலேயே செய்ய விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அதைவிட மோசம், வாட்ஸ்அப் குழுவில் "கம்பெனி பீஸ், பெட்டி மட்டும் இல்ல" என்று விற்பவர்கள். பில் கிடையாது, வாரண்டி கிடையாது, டிராக் வாஷர் தேய்ந்தால் மாற்றும் கிடைக்காது. பெரிய கம்பெனியின் பெயரை மேலே ஒட்டிய போலியும் இந்த வழியில்தான் வருகிறது. இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பல ரீல்களில் ஒரு ஸ்டிக்கரும் இருக்காது. விதி போட்டு இத்தனை வருடமாகியும் அந்தப் பெட்டிகள் அலமாரியில் பகிரங்கமாக அடுக்கியிருக்கின்றன. தட்டிக் கேட்க வேண்டியவர்கள் கேட்காதவரை, ஸ்டிக்கர் இல்லாததை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு பொறி: ஸ்பின்னிங் ரீல் மாதிரி இதில் கைப்பிடியை இடம் மாற்ற முடியாது. வலது கையால் வீசி, இடது கையால் சுற்றிப் பழகியவர் என்றால் இடதுகை மாடலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல கடைகள் தேங்கிக் கிடக்கும் வலதுகை மாடலைத்தான் தள்ளிவிடப் பார்க்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் என் பதில் தலைகீழாக மாறும்: உங்கள் தவளையின் எடை. மளிகைக் கடைத் தராசில் ஹுக்கோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். நம் ஊரில் அதிகம் விற்பது 5, 6 கிராம் குட்டித் தவளை. 50 எல்பி (பவுண்டு) தாங்கும் பின்னல் லைனான பிரெய்டு நிரம்பிய ஸ்பூலை அவ்வளவு லேசான தவளை இழுத்துச் சுழற்றாது. வீசிய வேகத்தில் தவளை கண்முன்னே விழும், லைன் குருவிக்கூடாகும். வயிற்றுக்குள் 3, 4 கிராம் ஈயக்குண்டு போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் மிதக்கிறதா என்று வாளித் தண்ணீரில் பார்த்த பிறகே போடுங்கள். குட்டித் தவளையைத்தான் விரால் எடுக்கிறது என்றால் பெயிட்காஸ்டிங்கே வேண்டாம். 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 40 எல்பி பிரெய்டு, விறைப்பான ராடு, இறுக்கிய டிராக். இப்போது உங்களிடம் மீன் செடிக்குள் போவதற்குக் காரணம் மெல்லிய லைனாகவோ தொளதொளத்த ராடாகவோகூட இருக்கலாம். அதை முதலில் மாற்றிப் பாருங்கள், 5,000 ரூபாய் மிச்சமாகலாம்.

பெயிட்காஸ்டிங் என்று முடிவானால், வீசும்போது ஸ்பூலின் வேகத்தைத் தணிக்கும் பிரேக்கை வெளியிலிருந்தே திருகும் மேக்னெட் வகை பழகுவதற்கு எளிது. பிரெய்டு ஏற்றும் முன் ஸ்பூலில் பத்து மீட்டர் நைலான் நரம்பு சுற்றுங்கள். இல்லாவிட்டால் பிரெய்டு மொத்தமும் ஸ்பூலோடு ஒட்டாமல் சுழலும், டிராக் வழுக்குவதாக நினைத்து ரீலைத் திட்டுவீர்கள். அதன் மேல் 50 எல்பி பிரெய்டை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்து, விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை ஏற்றுங்கள். 20, 30 எல்பி மெல்லியது வேண்டாம். பாரத்தில் அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து அடுத்த வீச்சில் பிடித்து நிறுத்தும். கைப்பிடிப் பக்கமுள்ள சிறு குமிழைத் திருகி, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அமுக்கியதும் தவளை மெல்ல இறங்கி, தரை தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி வையுங்கள். மேக்னெட்டை முழுதாக வைத்தே வீசத் தொடங்குங்கள். சிக்கல் விழாமல் வீச வந்த பிறகு ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம். தவளை தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரல் ஸ்பூலை அமுக்கியிருக்க வேண்டும். அதை எந்த பிரேக்கும் உங்களுக்காகச் செய்யாது.