முன்வரிசை நாற்காலி: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், சின்ன இடத்தில் கேட்ட கச்சேரி அனுபவங்களையும் அது சம்பந்தமான கேள்விகளையும் அனுப்பச் சொல்லியிருந்தேன். கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் கொட்டிவிட்டது. இடம் இருந்தவரை பதில் எழுதியிருக்கிறேன், விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம்.

கே: மியூசிக் அகாடமியில் நல்ல ஒலியமைப்பு, ஏசி, சாய்ந்து உட்கார நாற்காலி எல்லாம் இருக்கிறதே, நீங்கள் ஏன் எப்போதும் சின்ன ஹால், சின்ன ஹால் என்றே எழுதுகிறீர்கள்? (மதுரை வாசகர்)

ப: அகாடமியை நான் எங்கே குறை சொன்னேன்? பால்கனியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடுகிறவரின் பட்டுப்புடவைக் கலரை மட்டும் பார்த்துவிட்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் மயிலாப்பூரில் லஸ் பக்கம் ராகசுதா ஹால் மாதிரி ஒரு இடத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடியே போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். மிருதங்கக்காரர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பி என்கிற இடது பக்கத்துத் தோலின் நடுவில் அப்புவார். ஒரு தட்டு. போதவில்லை என்று இன்னும் ஒரு சிட்டிகை. திரும்ப ஒரு தட்டு, அந்த 'தொம்' அடிவயிற்றில் இறங்கினால்தான் அவர் முகம் தெளியும். அப்புறம் மிருதங்கத்தைத் திருப்பி, வலந்தலை என்கிற வலது பக்கத்தின் விளிம்பில் கல்லால் இங்கே ஒன்று அங்கே ஒன்று தட்டி, விரலால் மீட்டி, தம்புராவோடு சேர்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். ஏசி கொஞ்சம் அதிகமானால் தோல் கோபித்துக்கொள்ளும், அரை மணி நேரத்தில் மறுபடியும் கல்லை எடுக்க வேண்டியதுதான். இதையெல்லாம் கிட்டத்தில் பார்த்துவிட்டுக் கேட்டால், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது காபி குடிக்க எழுந்து போக மனசு வராது.

இன்னொன்று. பெரிய ஹாலில் மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் பாடுகிறவருக்கு நாம் எல்லோரும் வெறும் இருட்டு. சின்ன ஹாலில் நம் முகம் தெரியும். நல்ல இடத்தில் நாம் ரசித்து 'ப்ச்' கொட்டினால் அது அவர் காதில் விழும், அதே வரியை மாற்றிப் பாடுகிற அடுத்த சங்கதி அதனாலேயே இன்னும் கொஞ்சம் நீளும். நாம் கொட்டாவி விட்டாலும் தெரியும் என்பது வேறு விஷயம்.

கே: நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கச்சேரி வைக்க ஆசை. முப்பது பேர் வருவார்கள். மைக் செட் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

ப: வேண்டவே வேண்டாம் அம்மா. முப்பது பேருக்கு மைக் வைத்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்த மாமிக்குத் தலைவலி வரும், அவ்வளவுதான். அந்தக் காசைப் பாடுகிறவர்களுக்குக் கொடுங்கள். "வீட்டுக் கச்சேரிதானே" என்று வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணியோடு அனுப்பி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுமானால் முதல் நாளே எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் பாடும்போது நிறுத்திவிடுங்கள். சுண்டலைக் கடைசியில் கொடுங்கள், நடுவில் கொடுத்தால் தொன்னைச் சத்தம் பல்லவியைத் தின்றுவிடும். வீணைக் கச்சேரி என்றால் மிருதங்கக்காரரிடம் கொஞ்சம் அடக்கி வாசிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்க மறந்துவிடாதீர்கள். இது என் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கச்சேரி, இருபது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம், பாடகி சஹானா ராகத்தை ஆலாபனை செய்துகொண்டிருந்தார், மேலே போய் நிற்கப்போகிற இடத்தில் அடுத்த வீட்டு குக்கர் விசில் அடித்தது. நாங்கள் எல்லோரும் ஜன்னலை முறைத்தோம். அவர் முறைக்கவில்லை. கண்ணை மூடியபடியே நிறுத்தி, ஒரு விரலை மடக்கினார். இரண்டாவது விசில், இரண்டாவது விரல். மூன்றாவது விசில் அடித்து, யாரோ அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டதும், விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்தார். அந்த இடைவெளியில் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு யார் சஹானா பாடினாலும் எனக்குப் பருப்பு வேகிற வாசனை வருகிறது.

கே: பழைய காலத்துக்குப் போய் ஒரே ஒரு கச்சேரி கேட்கலாம் என்றால் எதற்குப் போவீர்கள்? (சென்னை வாசகர்)

ப: வீணை தனம்மாள் வீட்டுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசிப்பார், ஊரில் இருந்த பெரிய பெரிய வித்துவான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்களாம். சின்னச் சத்தம் கேட்டாலும் அம்மாளுக்குப் பிடிக்காது. அந்த வீணை அத்தனை மெல்லிசானது, அதற்கு அந்த நிசப்தம் வேண்டியிருந்தது. அவர் பக்கத்து வீட்டில் குக்கர் இல்லாமல் போனது நம் சங்கீதத்தின் அதிர்ஷ்டம். பேத்திகள் யார் யார் என்று பாருங்கள்: வாய்ப்பாட்டில் பிருந்தா, முக்தா, நடனத்தில் பாலசரஸ்வதி. தனம்மாளின் சில இசைத்தட்டுகள் இருக்கின்றன, இணையத்தில் கிடைக்கும். கரகரவென்று இருக்கும், ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு ஹெட்போனில் கேளுங்கள்.

வீணை பற்றி ஒரு புலம்பலையும் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய ஹாலுக்காக வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டுகிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, இல்லாவிட்டால் பத்தாவது வரிசைக்குக் கேட்காது. ஆனால் ஒலி கிட்டார் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கம்பியை இழுத்தபிறகு நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகுமே, அந்தத் தேய்கிற இடத்தில்தான் கமகமே, அதாவது ஸ்வரத்தின் அசைவே இருக்கிறது. பலா மரத்து வீணையை நாலடி தூரத்தில், மைக் இல்லாமல் ஒருமுறை கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கே: மைக் வருவதற்கு முன்னால் கூட்டத்துக்கு எப்படிக் கேட்டது? (கோவை வாசகர்)

ப: தொண்டைதான். எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரி நாடக மேடைக்காரர்கள் உச்ச சுருதியில் பாடிக் கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1930களில் மைக் பரவியபிறகு ஆண் பாடகர்கள் சுருதியைக் குறைத்து ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சௌகரியமாக இறங்கி வந்தார்கள். இறங்கியதில் நஷ்டம் மட்டும் இல்லை. எம்.டி. ராமநாதனின் அந்த அடித்தளக் குரலை மைக் இல்லாமல் எத்தனை பேர் கேட்டிருக்க முடியும்? ஆகவே மைக்கைத் திட்டுவதை இத்தோடு நிறுத்துகிறேன்.

கே: நான் இளையராஜா பாட்டு மட்டும்தான் கேட்பேன். கச்சேரி பக்கம் வர ஆசை, எங்கே ஆரம்பிப்பது? உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள். (சேலம், கல்லூரி மாணவர்)

ப: தம்பி, நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள். 1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் 'மரி மரி நின்னே' கேட்டிருப்பீர்கள். தியாகராஜரின் அந்தக் கீர்த்தனையைக் கச்சேரியில் காம்போதி ராகத்தில் பாடுவார்கள், ராஜா அதைத் தூக்கிச் சாரமதி ராகத்தில் வைத்துவிட்டார். அதனால் முதலில் சாரமதியிலேயே தியாகராஜர் செய்த 'மோக்ஷமு கலதா'வைக் கேளுங்கள், ராகம் பழகின முகமாக இருக்கும். அப்புறம் காம்போதிக்கு வாங்க, பாபநாசம் சிவனின் 'காணக் கண் கோடி வேண்டும்'. தமிழ்ப் பாட்டு, அர்த்தம் கேட்டு யாரிடமும் போக வேண்டாம். இந்த மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே: தனியாக இருக்கும்போது துணைக்கு எதைக் கேட்பீர்கள்? (புதுச்சேரி வாசகி)

ப: மதுரை மணி ஐயரின் 'எப்ப வருவாரோ'. மனுஷன் 1968இல் போய்விட்டார். என் போனில் தினமும் வருகிறார்.

கே: நாகஸ்வரக் கச்சேரியைச் சின்ன ஹாலில் வைக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

ப: வைக்கிறார்கள், கேட்டிருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்த தைரியசாலி நான். தவில் என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வாசித்தார்கள். கும்பகோணத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? அது கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்த வாத்தியம், சுவாமி நாலு தெரு தள்ளி வரும்போதே தோடி ராகம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஹாலில்தான் கிடைக்கும் என்றால் கடைசி வரிசைக்குப் போங்கள், ஆனால் போங்கள்.

கே: கச்சேரியை போனில் ரெக்கார்டு செய்யலாமா? (பெங்களூரு வாசகர்)

ப: பாடுகிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கவும் செய்யுங்கள், என் போனில் நாற்பது மணி நேரம் கேட்காமலே கிடக்கிறது.

கே: டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரிக்குப் போனேன், ஹாலில் பத்துப் பேர்கூட இல்லை. எழுந்து போகவும் கூச்சம், உட்காரவும் கூச்சம். நீங்கள் என்ன செய்வீர்கள்? (தாம்பரம் வாசகர்)

ப: உட்காருவேன். மத்தியானம்தான் சின்னப் பிள்ளைகள் பாடுகிற நேரம், பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது. கேன்டீனில் ரவா தோசைக்கு நிற்கிற வரிசையில் பாதி ஹாலில் இருந்தால் அந்தப் பிள்ளைகள் நிம்மதியாகப் பாடும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கச்சேரியில் மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம், அதில் இரண்டு பேர் பாடகரின் அப்பா அம்மா. பையனுக்கு இருபது வயது இருக்கும். பைரவி ராகத்தில் ஒரு நிரவலை எடுத்தவன் இறங்கவே இல்லை, திரும்பத் திரும்ப அதே வரி, ஒவ்வொரு தடவையும் வேறு பக்கத்திலிருந்து. முடிந்ததும் சுருதிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்து, "சார், நிரவல் ரொம்ப நீளமாப் போச்சா?" என்று கேட்டான். பெரிய ரசிகன் என்ற நினைப்பில், "கொஞ்சம்" என்றேன். அடுத்த வருடம் கூட்டம் கொஞ்சம் அதிகம், அதே பாட்டைப் பாடினான், நிரவலைச் சுருக்கமாக முடித்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தப் பழைய நீளம்தான் வேண்டியிருந்தது.