வான் வாங்கினபின் தெரிகிற வருத்தங்கள்: டீசல் வான் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கைமாறும் பழைய வான்களில் அடிக்கடி காண்பவை நாலு வகை: டொயோட்டாவின் 3எல் எஞ்சின் டொல்பின் (பழைய ஹைஏஸ்), 2சி எஞ்சின் டவுன் ஏஸ், நிசானின் டிடி27 போட்ட கரவன், பிறகு கே.டி.எச். (பிந்திய ஹைஏஸ்). கேள்வியின் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். கேட்பவர்கள் எந்த எஞ்சின், குளிரில் எப்படி, சூட்டில் எப்படி, புகை என்ன நிறம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது தெரியாமல் பதில் சொன்னால் பாட்ஸ் கடைக்காரருக்குத்தான் யாவாரம்.

செங்கலடி: அண்ணன், டொல்பின், 3எல். காலையில நெடுக ஸ்டாட்டர் சுத்தணும், வெள்ளைப் புகையா அள்ளிக்கொண்டு பிடிக்கும். பகல்ல ஒரே தட்டு. வித்தவர் ஹீட்டர் பிளக் எண்டார், நாலையும் மாத்தியாச்சு. அப்பிடியேதான் இரிக்கி.

புகையைத்தான் முதலில் கேட்க வேண்டும், தம்பி. ஸ்டாட்டர் சுற்றும்போதே சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. புகையே இல்லாமல் சுற்றினால் டீசல் போகவில்லை. அப்போது லைனில் காற்று. உங்களுடையது முதல் வகை. ஆகவே சூடு போதாது, அல்லது பம்ப் டைமிங் (பம்ப் டீசல் விடும் நேரம்) பிந்தியிருக்கிறது, அல்லது கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைவு. பார்க்க வேண்டிய ஒழுங்கும் இதுதான்.

பிளக்கை மாற்றினீர்கள், சரி. பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா? நாலையும் இணைக்கும் தகட்டில் டெஸ்ட் லாம்பை வைத்து, ஆளொருவரைச் சாவியைப் போடச் சொல்லுங்கள். லாம்ப் எரியாவிட்டால் ரிலே அல்லது அதற்குப் போகும் பெரிய பியூஸ். மங்கலாக எரிந்தால் தகட்டின் நட்டுகளில் துரு. கடலோரத்து வான்களில் இது சர்வ சாதாரணம். கழற்றி அரத்தாள் போட்டு இறுக்கினாலே போதும். எரிகிறதென்றால் தகட்டைக் கழற்றி, பெற்றரியின் பிளஸ்ஸிலிருந்து லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக் நுனியையும் தொடுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. புதுப் பிளக்கிலும் ஒன்றிரண்டு செத்திருக்கும். பிளக்கில் அடித்திருக்கும் வோல்ட்டையும் பழையதோடு ஒப்பிடுங்கள். டொயோட்டாவில் ஒரே மரைக்குப் பல வோல்ட் பிளக் உண்டு: 6 வோல்ட் பிளக்கை நேர் 12 வோல்ட் லைனில் போட்டால் கருகும், மறுவளமாகப் போட்டால் சூடேறாது. நம்மூர் வெக்கைக்கு ஹீட்டர் எதற்கு என்று வயரை வெட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 3எல், 2சி, டிடி27 மூன்றும் சிலிண்டரை ஒட்டிய ஒரு சின்ன முன்னறையில் டீசலை எரிக்கத் தொடங்குகிற எஞ்சின்கள், ஹீட்டர் பிளக் சூடாக்குவது அந்த அறையைத்தான். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் சித்திரை வெயிலிலும் காலையில் அடம்பிடிக்கும்.

சூடு சரியென்றால், கிட்டடியில் டைமிங் பெல்ட் (டீசல் பம்பையும் வால்வுகளையும் எஞ்சினோடு ஒத்து ஓடவைக்கும் பெல்ட்) மாற்றினார்களா என்று விசாரியுங்கள். பம்ப் புல்லி ஒரு பல் பிந்தினாலும் இதே வெள்ளைப் புகைதான். கடைசியாகக் கம்பிரஷன். ஹீட்டர் பிளக் துவாரத்தில் டீசல் கேஜ் போட்டு அளக்க வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோ, அதாவது ஏறத்தாழ 285 பி.எஸ்.ஐ., கடைசி எல்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

வாழைச்சேனை: அவருக்குச் சொன்ன ரெண்டாவது வகை என்ட டவுன் ஏஸ். புகையே இல்ல, சுத்திச் சுத்திப் பெற்றரி இறங்கிரும்.

காலையில் சாவியைத் தொடுமுன் பில்டர் தலையிலுள்ள கைப்பம்பை அமுக்குங்கள். இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டாட் பண்ண உடனே பிடித்தால், இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி ஓடுகிறது. கீழே ஒரு சொட்டும் இருக்காது, ஏனென்றால் அந்த லைன் உறிஞ்சுகிற லைன். டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டு எஞ்சினை ஓடவிட்டால் குமிழி தெரியும். குமிழி வந்தால் பில்டர் ஓ-ரிங், கைப்பம்பின் ரப்பர், கிளிப் அடியில் வெடித்த ஹோஸ், இந்த வரிசையில் பாருங்கள். இன்னும் பிடிபடாவிட்டால் சுத்தமான கேனில் டீசல் வைத்து, நல்ல ஹோஸ் ஒன்றால் நேரே பம்புக்குக் கொடுங்கள். குமிழி நின்றால் பிழை டாங்கிக்கும் பம்புக்கும் இடையில். டீசல் பம்பைக் கழற்றுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

காத்தான்குடி: பாஸ், ஒல்டனேட்டர் திருத்தி மாட்டினதில இருந்து டொல்பின்ட பிரேக் கல்லு மாதிரி. பிரேக் ஒயில் மாத்தியும் சரிவரல்ல.

பிரேக் ஒயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்று உள்ளே போகும் மெனிபோல்டில் வெக்யூம் (உறிஞ்சல்) இருக்காது. அதனால் ஒல்டனேட்டரின் முதுகில் ஒரு சின்ன வெக்யூம் பம்ப் இருக்கிறது, பெடலை இலேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சிக் கொடுப்பது அதுதான். அதற்கு எஞ்சினிலிருந்து மெல்லிய பைப்பில் ஒயில் வரும், தடித்த ஹோஸில் சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு) திரும்பிப் போகும்.

எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தரம் மிதியுங்கள். இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டாட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது விரலால் அடைத்துப் பாருங்கள். விரலை நன்றாக இழுத்தால் பூஸ்டர் பிழை. இழுக்காவிட்டால் பம்ப். வயரிங்காரர் மாட்டும்போது ஒயில் பைப்பின் செப்பு வொஷரை விட்டிருப்பார், அல்லது திரும்பும் ஹோஸ் மடிந்திருக்கும். ஒயில் இல்லாமல் ஓடிய பம்பின் தகடுகள் சீக்கிரம் தேயும். மறுபடி மாட்டுமுன் பம்பின் வாயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். இடையிலுள்ள ஒயில் சீலையும் அப்போதே மாற்றுங்கள். அது கசிந்தால் ஒயில் ஒல்டனேட்டருக்குள் இறங்கிப் பிரஷ் நனைந்து, சார்ஜ் லைட் எரியத் தொடங்கும். சரி வரும்வரை பிள்ளை குட்டியை ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, ஸ்கூல் ஓட்டத்துக்கு கே.டி.எச். ஒண்டு எடுத்தம், 1கேடி எஞ்சின். காலையில டக் டக் எண்டு சத்தம். இப்ப நிண்ட இடத்தில ஒயில் லைட் மின்னுது. சுவிச்சை மாத்தச் சொல்றாங்க.

தங்கச்சி, இன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். சுவிச் மாற்றுவது பிறகு. ஒயில் பிரஷர் சுவிச்சைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கேஜ் போட்டு உண்மையான பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை.

1கேடியின் பேர்போன வருத்தம் இது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வொஷர் உண்டு. அது கசியத் தொடங்கினால் எரிந்த வாயு ரொக்கர் கவருக்குள் (எஞ்சின் மேல்மூடிக்குள்) வரும், ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி சம்பில் இறங்கி ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். வலை அடைபட்டால் முதலில் லைட் மின்னும், பிறகு பெயாரிங் போகும், டர்போவும் கூடவே போகும். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்: உள்ளே தார் மாதிரிப் படிவும் புகை நாற்றமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டியது: சம்பைக் கழற்றி வலையைக் கழுவுவது, நாலு வொஷரையும் புதிதாகப் போடுவது, வொஷர் உட்காரும் இடத்தைக் கரி போகச் சுரண்டிச் சுத்தம் செய்வது. மூன்றாவதை விட்டுவிட்டால் புது வொஷரும் கசியும். ஒயிலும் பில்டரும் மாற்றி, 1,000 கிலோமீற்றரில் திரும்பவும் மாற்றுங்கள், அதன்பின் 5,000க்கு ஒருமுறை. இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் அச்சிட்ட திருத்த எண்ணை ஸ்கேனரால் ஏற்ற வேண்டும். கராஜில் ஸ்கேனர் இல்லையென்றால் அந்த வேலையை அங்கே கொடுக்காதீர்கள். ஸ்கேனர் பூட்டும்போது, வான் நிற்க எஞ்சின் சும்மா ஓடுகையில் (ஐட்லிங்கில்) நாலு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் கேட்டு வாங்குங்கள். கூட்டல் கழித்தல் 3ஐத் தாண்டியது வருத்தக்காரன்.

அக்கரைப்பற்று: கண்டிக்குப் போகக்குள்ள மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில சூடேறுது. இங்க தட்டை ரோட்டில ஒண்டுமில்ல. 3எல்.

தட்டையில் சரி, ஏற்றத்தில் சூடு என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் குளிர்விக்கும் திறன் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஹெட் கஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) பிழையில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டாட் பண்ணி ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் சூடாகுமுன்பே ஹோஸ் இறுகினால், அல்லது மூடி திறந்திருக்க இடைவிடாமல் குமிழி வந்தால், கஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. இல்லையென்றால் ஏ.சி. கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே லைட் அடித்துப் பாருங்கள். மணலும் பூச்சியும் அங்கேதான் பாய் விரித்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சூடான எஞ்சினை நிறுத்திக் காற்றாடியைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும், இலேசாகச் சுழன்றால் பேன் கிளட்ச் முடிந்தது.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடென்றால் அதைக் கழற்றி எறிவது நம்மூர் வைத்தியம். அடித்தட்டால் பைபாஸை (தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை) மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும், ஏற்றத்தில் இன்னும் மோசமாகும். வாவிக் கரைக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் குழாயை அடைக்கும். கலந்து வரும் கூலன்ட்டை ஊற்றுங்கள்.

திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக் சூடேறாமலிருக்க. பழைய டொட் 3 பிரேக் ஒயில் ஈரம் குடித்தபின் 140 பாகை அளவில் கொதிக்கும். புதிதாக இருக்கும்போது அது 205. வாங்கிய வானில் ஒயில் கறுத்திருந்தால் மலைக்கு முன் மாற்றுங்கள்.

சம்மாந்துறை: மீட்டர்ல 180,000. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதெண்டு தெரியா. கவரைத் திறந்து பார்த்தாப் போதுமா?

போதாது. பெல்ட் பார்க்க நல்லாயிருக்கும்போதே அறும், மீட்டரையும் நம்ப வேண்டாம். 3எல்லில் 100,000 கிலோமீற்றர்தான் கணக்கு. அந்தக் கணக்கு வந்ததும் மீட்டர் பலகையில் டைமிங் பெல்ட் லைட் எரியும், ஆனால் அதன் பல்பையே கழற்றிவிட்டு விற்கிறவர்கள் உண்டு. பெல்ட், டென்ஷனர், முன்பக்க ஒயில் சீல்கள் எல்லாம் ஒன்றாக. பூட்டிய பின் ஸ்பானரால் கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேர்கிறதா என்று பாருங்கள். எங்கேயாவது முட்டினால் நிறுத்துங்கள், அது வால்வு பிஸ்டனில் முட்டுவது. கரவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை: டிடி27இல் பல்சக்கரம்.

ஓட்டமாவடி: கறுத்தப் புகை. புகைப் பரிசோதனையில பெயில், லைசன் எடுக்கேலாமக் கிடக்கு.

எயார் பில்டரை மாற்றுங்கள், டீசல் தெளிக்கும் நொசில் நாலையும் பம்ப் கடையில் சோதியுங்கள், பம்பின் டீசல் கூட்டும் ஸ்குரூவில் சீல் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். இழுவைக்காக யாரோ திருகியிருந்தால் சீல் இருக்காது. பரிசோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். 15 கிலோமீற்றராவது ஓடிச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

கல்லடி: மார்கழி வெள்ளத்தில நிண்ட வானா இல்லையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

கழுவியவர் கை போகாத இடத்தைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். பின் லைட்டைக் கழற்றினால் உள்ளே மண். பின் டிப்ரன்ஷியல் ஒயில் பால்தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாங்கியாகிவிட்டதென்றால் அதை இறக்கி ஜீ.எல்.5 80-90 கியர் ஒயில் ஊற்றுங்கள், சில்லுப் பெயாரிங் கிரீஸ் முழுவதையும் மாற்றுங்கள். எர்த் வயரையும் சோதியுங்கள்: ஸ்டாட்டர் சுற்றும்போது பெற்றரி மைனஸுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயர் வேலைக்காகாது.

திருக்கோவில்: டீசல் பில்டர் லைட் எரியுது. பில்டர் புதுசு.

அது தண்ணீர் லைட். பில்டர் அடியிலுள்ள திருகைச் சில சுற்றுத் தளர்த்தி, கீழே போத்தல் பிடித்து, கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் தண்ணீர் வரும், டீசல் மட்டும் வரத் தொடங்கியதும் மூடுங்கள். இரண்டு நாளில் திரும்ப எரிந்தால் டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். திருகு பிளாஸ்டிக், கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டால் வெடித்து அங்கேயும் காற்று இழுக்கும்.