ரப்பி சொலவெய்ச்சிக்கும் ஹபாத் ஹசிதியமும்: கேள்வி பதில்

கேள்வி: யூத சமயத்தில் உள்ளம் உருகும் பக்தியை முன்னிறுத்தும் இயக்கம் ஹசிதியம். அதை எதிர்ப்பதில் ஊறிய குடும்பத்தில் பிறந்த ரப்பி (யூத மதகுரு) ஜோசப் சொலவெய்ச்சிக்குக்கு, ஹசிதியத்தின் ஒரு கிளையான ஹபாத் இயக்கத்தோடு உறவு ஏற்பட்டது எப்படி?

பதில்: ஹசிதியருக்கு எதிராக 1772இல் வில்னாவில் தடை விதிக்கப்பட்டபோது அதற்குத் துணைநின்ற அறிஞர் வில்னா காவோன். அந்தக் காவோனின் முதன்மைச் சீடரான வொலோஷின் ஹைம், சொலவெய்ச்சிக்கின் முன்னோருள் ஒருவர். ஆனால் 1903இல் பிறந்த ஜோசப், தந்தை மோஷே ரப்பியாக இருந்த கஸ்லாவிச்சியில் வளர்ந்தார். அவ்வூரில் ஹபாத் ஹசிதியரே மிகுதி. யூதச் சட்ட விவாத நூலான தல்மூதைக் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியரும் ஹபாத்தைச் சேர்ந்தவர். அவர் தல்மூதை ஒதுக்கிவைத்து, ஹபாத்தைத் தோற்றுவித்த ஷ்னேயர் ஸல்மானின் ‘தான்யா’ என்னும் நூலைச் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மகனுக்குத் தல்மூத் வரவில்லை என்பதைத் தாய் கண்டறிந்த பிறகே தந்தை தாமே பாடம் நடத்தலானார். அந்தத் தாமதத்தை இழப்பாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அறிவு கூர்மை பெறுமுன் உள்ளம் கனிந்தது என்றே சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் அவரை ஹசிதியர் எனலாமா?

பதில்: கூடாது. 1944இல் வெளிவந்த ‘ஹலாகா மனிதன்’ (ஹலாகா என்பது யூதச் சமயச் சட்டம்) என்னும் நீண்ட கட்டுரையில் அவரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். புத்தாண்டுத் திருநாளில் ஷோஃபர் என்னும் கொம்பை ஊத வேண்டிய ஹபாத் பக்தர் அழத் தொடங்குகிறார். அருகில் நின்ற மோஷே, கூடாரத் திருநாளில் பேரீச்சங்குருத்தைக் கையில் எடுக்கும்போதும் அழுவீரா என்று கேட்டு, இரண்டும் இறைவன் கட்டளைகள்தாமே என்கிறார். கட்டளையை நிறைவேற்ற உணர்ச்சிப் பெருக்கு வேண்டியதில்லை என்னும் தந்தையின் பக்கமே கட்டுரை நிற்கிறது. ஆயினும், இறைவன்முன் மனிதன் தனித்து நிற்பதைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றைப் படிக்கும்போது அந்த அழுகுரலும் எனக்குக் கேட்கிறது.

கேள்வி: ஹபாத்தின் ஏழாம் தலைவர் மெனாஹெம் மெண்டல் ஷ்னியர்சனை அவர் சந்தித்ததுண்டா?

பதில்: உண்டு. இருவரும் இளமையில் ஒரே காலத்தில் பெர்லினில் பயின்றவர்கள். சொலவெய்ச்சிக் அங்கே ஹெர்மன் கோஹனின் தத்துவத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1932இல் பாஸ்டனில் குடியேறினார். 1980இல், ஷ்னியர்சன் தலைமையேற்று 30 ஆண்டுகள் ஆனதையொட்டி நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த கூட்டத்துக்கு, முதுமையையும் பொருட்படுத்தாமல் அவர் நேரில் சென்றார். அவர் உள்ளே வந்தபோது ஷ்னியர்சன் எழுந்து நின்று வரவேற்றார்.