விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? திருமங்கலத்துப் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. மகளுக்கு மதுரையிலேயே சி.எஸ்.இ. சீட் கிடைத்துவிட்டது, அவள் தம்பி பி.காம். சேர்கிறான், வீட்டில் 2017-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் விண்டோஸ் என்கிறார், சீனியர் மாணவர் லினக்ஸ் என்கிறார், ஐ.டி.யில் இருக்கும் உறவுக்காரப் பையன் மேக் என்கிறான். மூன்று பேரும் தங்கள் வேலையை வைத்துச் சொல்கிறார்கள். பிள்ளை எந்த மென்பொருளில் உட்காரப் போகிறது என்பதைப் பாருங்கள், ஆபரேட்டிங் சிஸ்டம் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மாதிரி) அதற்குப் பின்னால் தானாக வரும்.

தம்பியின் விஷயம் சுலபம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் எக்செல், ஜி.எஸ்.டி. தாக்கல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். டேலி பழக இப்போதே லைசென்ஸ் வாங்க வேண்டாம். எஜுகேஷனல் மோடு இலவசம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட முடியும். இது தெரியாமல் "சாஃப்ட்வேர் கோளாறு" என்று பணம் கட்டி ஆளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

மகள் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவளுக்கு வாங்குவதும் விண்டோஸ் லேப்டாப்பாகவே இருக்கட்டும். கேம்பஸ் இன்டர்வியூவின் ஆன்லைன் தேர்வுகளில் ஆளைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பல லினக்ஸில் ஓடுவதில்லை. தேர்வு நாளில் அதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் விண்டோஸ் மட்டும் தெரிந்த சி.எஸ்.இ. மாணவி அரைகுறைதான். வெப்சைட்டுகளும் கிளவுட் சேவைகளும் ஓடும் சர்வர்களில் பெரும்பான்மை லினக்ஸ். இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் வேலை என்றாலும் பெங்களூரில் என்றாலும் அவள் எழுதும் நிரல் கடைசியில் போய் உட்காரும் இடம் பெரும்பாலும் அதுவே.

பாடத்திலேயே அது வந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் கட்டளைகளும், அவற்றை வரிசையாக ஓட்டும் ஷெல் நிரல்களும் 'ஃபோர்க்' அழைப்பும் இருக்கின்றன. ஓடும் நிரல் தன்னைப் போலவே இன்னொன்றைக் கிளப்பிவிடுவதற்கான அழைப்பு ஃபோர்க். விண்டோஸில் அது கிடையாது. வீட்டில் விண்டோஸில் கோட்பிளாக்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் அடித்துப் பார்த்தால் பிழை என்றுதான் வரும். நிரலில் தப்பே இருக்காது, பிள்ளை ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும்.

புராஜெக்ட் காட்டும் நாளில் காலை வாரிவிடுகிற இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லி வையுங்கள். ஃபைல் பெயரில் கேப்பிட்டல், ஸ்மால் எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டிப்பாகப் பார்க்கும். படத்தின் பெயர் கேப்பிட்டலில் தொடங்கி, நிரலில் ஸ்மால் எழுத்தில் கூப்பிட்டிருந்தால், லேப்டாப்பில் ஜோராகத் தெரியும் படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். ஃபைல் பெயர் எல்லாமே ஸ்மால் எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது வரி முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று நின்றால் காரணம் பெரும்பாலும் அந்தக் கூடுதல் குறிதான். நிரல் எழுதும் மென்பொருளான வி.எஸ். கோடின் கீழ் வலது மூலையில் 'சிஆர்எல்எஃப்' என்று இருப்பதைத் தொட்டு 'எல்எஃப்' ஆக்கிச் சேமித்தால் ஓடிவிடும்.

இதையெல்லாம் பழக இன்னொரு கம்ப்யூட்டர் தேவையில்லை. விண்டோஸ் 11-க்குள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஓட்டலாம், அந்த வசதிக்கு டபிள்யூஎஸ்எல் என்று பெயர். முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் சிபியு பக்கம் போய் 'விர்ச்சுவலைசேஷன்' எனேபிள்டு என்று இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில், இன்டெல் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்பதை ஆன் செய்ய வேண்டும். பிறகு பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டபிள்யூஎஸ்எல்', ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'இன்ஸ்டால்' என்று ஒட்டி அடித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். உபுண்டு கேட்கும் பாஸ்வேர்டை அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம். கீபோர்டு பழுதில்லை, லினக்ஸின் வழக்கம் அது. நிரல்களை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரிலேயே வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஆமை வேகத்தில் நகரும்.

முதல் வருஷத்திலேயே டூயல் பூட், அதாவது ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனியாக நிறுவுவது, வேண்டாம். டிஸ்க்கைப் பிரிக்கும்போது ஒரு தப்பான கிளிக் போதும், எல்லாம் அழிந்துவிடும். அது தப்பினாலும் விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு மறிக்கலாம். இந்தப் பக்கம் லினக்ஸுக்குப் போய்விட்டு அந்தப் பக்கம் விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் படிப்பதால் வரும் குழப்பம் அது.

இன்டர்வியூவில் லினக்ஸ் கேள்விகள் பயமுறுத்துகிறவை அல்ல. "சிஎச்மாட் 755 என்றால் என்ன?" என்பது அடிக்கடி வரும். ஃபைலை யார் என்ன செய்யலாம் என்று அனுமதி வைக்கும் கட்டளை அது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஃபைலின் சொந்தக்காரருக்கு மூன்றும் சேர்த்து 7, குழுவினருக்கும் மற்றவர்களுக்கும் படிக்க, இயக்க மட்டும் 5. இந்த மாதிரிக் கட்டளைகள் நாற்பது, ஐம்பது கைக்குப் பழகினால் ஆரம்ப வேலைக்குப் போதும்.

மேக் நல்ல இயந்திரம், மறுக்கவில்லை. ஐபோன் செயலி எழுதுகிறவர்களுக்கு எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும், லேப்டாப்பில் ஃபைனல் கட் கொண்டு வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கும் மேக்தான் வழி. ஆனால் இப்போதைய மேக்புக்கில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பின்னால் கூட்ட முடியாது. அதற்காக இ.எம்.ஐ.யில் இறங்க வேண்டாம். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு மேக் இன்னும் சிரமம், அவர்கள் வடிவமைப்புக்குப் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் குரோம்புக்கைக் கல்லூரிக்கென்று வாங்கவே வேண்டாம்.

கடையில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று கேளுங்கள். பணம் இடிக்கிறது என்றால் 8 ஜிபி வாங்கி, காலியாக ஒரு ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மொபைல் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 8 ஜிபியில் முக்கி முனகித்தான் ஓடும். "டாஸ் லேப்டாப், விலை குறைச்சல், விண்டோஸ் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்றால் (டாஸ் லேப்டாப் என்பது விண்டோஸ் இல்லாமல் வருவது) அது பெரும்பாலும் திருட்டு விண்டோஸ். சோதித்துப் பார்க்க விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, 'எஸ்எல்எம்ஜிஆர்', இடைவெளி, சாய்கோடு, 'எக்ஸ்பிஆர்' என்று அடித்துப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கும் லேப்டாப்பில் இன்ன தேதியோடு காலாவதி என்று காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஆக்டிவேட் செய்ய வைரஸ் தடுப்பை அணைத்துப் போட்ட புரோகிராம் உள்ளேயே இருக்கும், வங்கி பாஸ்வேர்டும் அதே இயந்திரத்தில்தான்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், 2017 இயந்திரம் அநேகமாகத் தேறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதில் வங்கி வேலை செய்யாதீர்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில், பழைய இயந்திரத்துக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். குடும்பப் படங்களை முதலில் வெளியே நகலெடுக்க வேண்டும். மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றும் வேலை செய்தால் மட்டும் இன்ஸ்டாலைத் தொடுங்கள். வைஃபை பிடிக்கவில்லையென்றால் பழைய சிப்புக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும், அதுவரை மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் எடுத்துக்கொள்ளலாம்.